முதல் மணி, இரண்டு மொழி

"நின்ன ஹெசரு ஏனு?" கோலார் தங்கவயலில் உள்ள ஊரிகத்தில், கன்னடப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேரும் தமிழ்க் குழந்தைக்கு வைக்கப்படும் முதல் பரீட்சை இதுதான். 'உன் பேர் என்ன?' என்பது கேள்வி. பதில் அதற்கு நன்றாகவே தெரியும். கேட்பது பேரைத்தான் என்று புரிவதில்தான் சிக்கல்.

முதல் சில வாரங்களில் எந்த ஊர்க் குழந்தையும் கற்பது அகரவரிசையை அல்ல. வரிசையில் நிற்பது, பேர் கூப்பிட்டால் எழுந்திருப்பது, பக்கத்தில் இருப்பவனுக்குப் பலப்பத்தில் பாதி உடைத்துத் தருவது, சாப்பாட்டு மணி வரை அழாமல் இருப்பது, 'மிஸ், ஒண்ணுக்கு' என்று கூச்சப்படாமல் கேட்பது. பார்ப்பதற்குச் சின்ன விஷயங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் மொழி வேண்டும். கேட்கத் தெரியாத குழந்தை உடையை நனைத்துக்கொள்கிறது. பேசாத குழந்தைக்கு 'மந்தம்' என்று பேர் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் தனக்கான இடமா என்பதை அது முடிவுசெய்வதும் அந்த வாரங்களில்தான்.

ஊரிகத்தின் வீட்டு மொழி தமிழானதற்குக் காரணம் தங்கம். 1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை நடத்தத் தொடங்கியபோது, வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்கள் பாறையை உடைத்தன. அவர்களுக்கென்று கட்டிய 'லைன்' வீடுகளில் தமிழ் தங்கிவிட்டது. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தங்கவயல் மைசூர் மாநிலத்திலேயே இருந்தது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதன் பிறகு பலருக்குப் பிழைப்பு பெங்களூரில். விடியுமுன் மாரிக்குப்பம் ரயில்களில் ஏறிப் போகும் அப்பா அம்மாவுக்குப் பதில், பள்ளி வாசல்வரை கூட்டிப்போவது பெரும்பாலும் ஆயாதான். வழி முழுக்கப் பேச்சு தமிழில். வாசலைத் தாண்டினால் கன்னடம். வசதியிருந்தால் இங்கிலீஷ்.

கர்நாடக அரசுப் பள்ளிகளின் 'நலி-கலி' முறை, அதாவது ஆடிக் கற்றல், 1995இல் மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவன கோட்டையில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. அட்டைகள், படங்கள், சிறு குழுக்கள் என்று போகும் இந்த முறையில் எழுத்துகளும் அகரவரிசையில் வருவதில்லை. ர, க, ஸ, த, அ என்று, வடிவத்தில் உறவுள்ளவை முதலில் வருகின்றன. இந்த க 'கண்'ணில் வரும் க அல்ல, 'தங்க'த்தில் வருவது. த 'தலை'யின் த அல்ல, 'பந்து'வில் வருவது. தமிழில் ஓரெழுத்தே இரண்டு ஒலிக்கும் போதும். கன்னடத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து. ஆறு வயதுக் காதுக்கு இது புதுப் பயிற்சி. தடுமாறினால் அது மந்தம் அல்ல. தாய்மொழி கற்றுக்கொடுத்த ஒழுங்கு.

அதே தாய்மொழி கைகொடுக்கவும் செய்யும். ஒந்து, எரடு, மூரு, நால்கு, ஐது, ஆரு, ஏளு: பாதியைத் தமிழ்க் குழந்தை தானே கண்டுபிடித்துவிடும். பத்து ஹத்து ஆகிறது, பால் ஹாலு ஆகிறது. 'வா' என்பது 'பா'. கையில் இருக்கும் பலப்பம்கூட 'பளப'. இந்த உறவைச் சொல்லித்தரும் டீச்சர் கிடைத்த வகுப்பில் கன்னடம் அயல் மொழியாக இருக்காது, பக்கத்து வீட்டு மொழியாகிவிடும்.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்லும் 350ஏ பிரிவு, 1956இலேயே அரசியல் சாசனத்தில் சேர்ந்தது. நான்காம் வகுப்பு வரை தாய்மொழி அல்லது கன்னடம் என்று கர்நாடக அரசு 1994இல் ஆணையிட்டது. பயிற்று மொழியைப் பெற்றோர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கன்னடத்தை எல்லாப் பள்ளிகளிலும் ஒரு பாடமாகக் கட்டாயமாக்கும் மாநிலச் சட்டம் 2015இல் வந்தது. ஒன்றாம் வகுப்பின் முதல் மூன்று மாதங்களை விளையாட்டோடு கூடிய ஆயத்தமாக்கும் 'வித்யா பிரவேஷ்' திட்டத்தை 2021இல் மத்திய அரசு அறிவித்தது.

கன்னடம் வேண்டாம் என்று ஊரிகத்தில் யாரும் சொல்ல முடியாது. வேலைக்கும் அரசு அலுவலகத்துக்கும் அது வேண்டும். இங்கிலீஷ் மீது பெற்றோருக்கு உள்ள ஆசையையும் குறை சொல்ல முடியாது. மூடிய சுரங்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். இதற்கிடையே சத்தமில்லாமல் நழுவுவது தமிழ் எழுத்து. தாத்தா படிக்கும் பேப்பரைப் பேரனால் படிக்க முடிவதில்லை, அதில் உள்ள செய்தியைத் தமிழில் சொன்னால் புரியும் என்றாலும்.

அந்த இழப்பை முதல் வாரங்களில் சரிசெய்ய முடியாது. அதற்குத் தமிழ்ப் பாட வேளை வேண்டும், தமிழ் ஆசிரியர் வேண்டும். முதல் வாரங்களில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குச் செலவும் கிடையாது. "நின்ன ஹெசரு ஏனு?" என்று கேட்டதும் குழந்தை விழித்தால், "உன் பேர் என்னம்மா?" என்று ஒருமுறை கேட்பது. பதில் வந்த பிறகு, அதையே கன்னடத்தில் சொல்லக் கற்றுக்கொடுக்கலாம்.