இடைவேளைத் தித்திப்பு

பிறந்த மண்ணை விட்டு உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே வந்து குடியேறிய நம்மைப் போன்றவர்களுக்குத் தமிழ்ப் படம் வெறும் பொழுதுபோக்கு அன்று. வாரம் முழுவதும் அண்டை அயலாரின் மொழியில் பேசி, அவர்கள் மொழியிலேயே பேரம் செய்து, சிரித்துச் சலித்த நாவுக்கும் செவிக்கும் அது ஓர் இளைப்பாறுதல். ஒரு காலத்தில் அதைத் தேடி நாம் போக வேண்டியிருந்தது. பம்பாயில் இருந்தவர்கள் மாட்டுங்காவின் அரோரா தியேட்டருக்குப் போனார்கள். டில்லியில் இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்காகக் காத்திருந்தார்கள். 1980-களில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படங்களைக் காட்டியபோது, தமிழின் முறை எப்போது வரும் என்று வாரக்கணக்கில் எதிர்பார்த்திருந்தோம். இன்றோ விரும்பிய படம் விரும்பிய நேரத்தில் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடுகிறது.

படம் வீட்டுக்கு வந்தது. அதன் பின்னாலேயே பலகாரத் தட்டும் வந்து சேர்ந்தது. தியேட்டரில் இடைவேளை மணி அடித்த பிறகுதான் முறுக்கும் கடலை மிட்டாயும் கைக்கு வரும். வீட்டிலோ, முதல் எழுத்து திரையில் தோன்றும்போதே தட்டு நடுவில் வந்து அமர்ந்துவிடுகிறது. 1964-இல் வெளிவந்த ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்தச் சில நிமிஷங்களில் நம் கை எத்தனை முறை தட்டுக்குப் போய் வந்தது என்று யாராலும் சொல்ல முடியுமா? கண்ணும் காதும் வேறிடத்தில் இருக்க, கையும் வாயும் தம் போக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். கவனம் சிதறிய நிலையில் உண்பவர்கள் அப்போதும் மிகுதியாக உண்கிறார்கள், அடுத்த வேளையிலும் மிகுதியாக உண்கிறார்கள் என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. உண்டது நினைவில் நில்லாதபோது வயிறு மட்டும் எப்படிக் கணக்கு வைத்துக்கொள்ளும்?

நம் சங்கத்துச் சகோதரிகள் சிலர் கேட்டுக்கொண்டதன் பேரில், எங்கள் இல்லத்தில் ஞாயிறு மாலைப் படத்துக்கென்று வழக்கப்படுத்தியிருக்கும் சில எளிய தித்திப்புகளைப் பற்றி எழுத முற்படுகிறேன். அவை எங்கள் வீட்டுக்கு வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். ஏனெனில், அந்தக் காரணம் பலருடைய வீட்டிலும் இருக்கக்கூடியதே.

என் கணவரின் தாயார் நான்கு ஆண்டுகளுக்கு முன் மன்னார்குடியிலிருந்து டில்லிக்கு எங்களோடு வசிக்க வந்தார்கள். அத்தைக்கு ஹிந்தி தெரியாது. காய்கறி வண்டிக்காரர் குரல் கேட்டால் ஜன்னல் வரை வருவார்கள். பேச வழியின்றித் திரும்பிவிடுவார்கள். ஊரில் நாள் முழுவதும் திண்ணையில் பேசிப் பழகியவர்களுக்கு வாரம் ஒரு நாள் மாலையில் வரும் தமிழ்ப் படம்தான் திண்ணை. அவர்களுக்குப் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவும் உண்டு. இனிப்பைத் தொடக் கூடாது என்பது ஊர் வைத்தியரின் கட்டளை. அதைத் தம் விரதங்களைப் போலவே அவர்கள் பிசகாமல் காத்து வந்தார்கள்.

படம் பாதி நடக்கும்போது, “தூக்கம் வருகிறதம்மா” என்று சொல்லி அத்தை எழுந்துபோவது வழக்கமாயிற்று. வயதின் அசதி என்று வீட்டில் எல்லோரும் எண்ணினோம். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள்தான் ஒரு நாள் மெல்ல வந்து என் காதில் சொன்னாள்: “பாட்டிக்குத் தூக்கம் வருவதில்லையம்மா. அப்பா வாங்கி வரும் ஜிலேபித் தட்டு வரும்போதுதான் எழுந்து போகிறார்கள். உள்ளே போய் விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார்கள்.” தமக்கு முன்னால் உண்ணப் பிள்ளைகள் கூசக் கூடாது என்று அந்த முதியவர் தமக்குள்ள ஒரே திண்ணையையும் விட்டுக்கொடுத்து வந்தார் என்பது அன்றுதான் விளங்கியது. தட்டை நிறுத்திவிட்டால் குழந்தைகளின் முகம் வாடும். நிறுத்தாவிட்டால் அத்தை இருட்டறையில் தனியே படுத்திருப்பார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி காண வேண்டியிருந்தது.

முதலில் இங்குள்ள வைத்தியரை அணுகிக் கேட்டோம். அளவறிந்து, அன்றைய உணவுக் கணக்கில் சேர்த்து, இரவுச் சாப்பாட்டில் அதற்கு ஈடாகக் குறைத்துக்கொண்டால் சிறு இனிப்பு ஒன்று உண்ணலாம் என்று அவர் அனுமதித்தார். எல்லோருக்கும் ஒரே விதி பொருந்தாது. மாத்திரை அல்லது இன்சுலின் எடுத்துக்கொள்வோர் தத்தம் வைத்தியரைக் கேட்டே செய்ய வேண்டும். இது ஏதோ ஒரு வீட்டுக் கவலை என்றும் எண்ண வேண்டாம். நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உண்டு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-இல் கணக்கிட்டது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி. ஒரு கிராம் நெய்யில் 9 கலோரி. ஆகவே, பலகாரத்தைக் கனமாக்குவது இனிப்பைக் காட்டிலும் நெய்தான். நெய் சொட்டும் மைசூர்ப்பாகு ஒரு துண்டே 200 கலோரியை எட்டக்கூடும். “சர்க்கரை சேர்க்காதது” என்று எழுதிக் கடையில் விற்கும் கோவா இனிப்புகளிலும் நெய்யும் கோவாவும் குறைவதில்லை. வெல்லம் நல்லது, சர்க்கரைதான் கெட்டது என்று நம்மில் பலர் நம்புகிறோம். மணமும் ருசியும் வெல்லத்துக்கு உயர்வுதான். கலோரிக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதிலும் வெல்லம் சாது அன்று.

அன்றாட உணவில் நாம் சேர்க்கும் இனிப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது என்றும், 5 சதவீதத்துக்குள் அடக்கினால் இன்னும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம், அதாவது சுமார் 6 தேக்கரண்டி. தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் சேரும். முழுப் பழம் சேராது. உடல் எடையைக் குறைக்கும் நோக்கத்துடன் செயற்கை இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்றும் அந்நிறுவனம் 2023-இல் கூறியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களைக் குறித்துச் சொன்னதன்று அது. எனினும் எங்கள் வீட்டில் அவற்றை நாடவில்லை. இருக்கும் இனிப்பையே குறைத்து, சுக்கு, ஏலம், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைத் துணைக்கு அழைத்தோம். இவை சேர்ந்தால் கொஞ்சம் வெல்லமும் நிறைய வெல்லம்போல் நாவை நிறைக்கிறது.

முதலாவது, உதிரிப் பொரி. கல்கத்தாவில் முரி, பம்பாயில் குர்முரா, டில்லியில் முர்முரா என்று பெயர் எதுவாயினும் அது நம் ஊர்ப் பொரியேதான். பொரி உருண்டையில் வெல்லம் மிகுதியாவது ருசிக்காக மட்டும் அன்று. உருண்டையாகப் பிடித்து நிற்பதற்காகவும்தான். பிடிக்கும் வேலையை விட்டுவிட்டால் பாதிக்கு மேல் வெல்லம் மிச்சம். ஐந்து பேருக்கு 2 கப் பொரியும் அரைக் கப் பொட்டுக்கடலையும் போதும். இரண்டையும் வெறும் வாணலியில் மொறுமொறுப்பாகும் வரை சூடாக்கி எடுத்து வையுங்கள். 30 கிராம் வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்க விட்டு, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருளும் பதம் வந்ததும் சுக்குப் பொடி, ஏலப் பொடி, ஒரு மேஜைக்கரண்டி வறுத்த தேங்காய்ப் பல் சேர்த்து, பொரியையும் கடலையையும் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி உதிர்த்து ஆறவிடுங்கள். ஆளுக்குச் சுமார் 100 கலோரி; வெல்லம் 6 கிராம்தான். வெறும் பொரி இரத்தத்தில் சர்க்கரையை விரைந்து ஏற்றும். புரதமும் நாரும் உள்ள பொட்டுக்கடலை அந்த வேகத்தைத் தணிக்கும்.

இரண்டாவது, மக்கானா. எங்கள் அடுத்த வீட்டில் தர்பங்காவைச் சேர்ந்த ஒரு பிஹாரி அம்மையார் இருக்கிறார். மிதிலை நாட்டுக் குளங்களில் விளையும் இப்பண்டத்தை எங்களுக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே. தாமரை விதை என்று கடைகளில் எழுதி வைத்திருப்பார்கள். உண்மையில் அது அல்லி இனத்தைச் சேர்ந்த, முள் நிறைந்த வேறொரு நீர்ச்செடியின் விதையைப் பொரித்தது. மிதிலை மக்கானாவுக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 50 கிராம் எடுத்தால் ஒரு பெரிய பாத்திரம் நிறையும். ஒரு தேக்கரண்டி நெய்யில், சிறு தீயில், விரலால் நசுக்கினால் நொறுங்கும் வரை பத்து நிமிஷம் வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அதே வாணலியில் 4 தேக்கரண்டி வெல்லத் தூளை ஒரு கரண்டி நீர் விட்டு உருக்கி, மக்கானாவைப் போட்டுப் புரட்டி இறக்குங்கள். ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 60 கலோரிக்கு மேற்படாது.

மூன்றாவது, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. டில்லிக் குளிர்காலத்தில் தெருவோரத்தில் தணலில் சுட்டு, எலுமிச்சையும் மசாலாவும் தூவித் தருவார்களே, அந்த ஷக்கர்கந்திதான். சுட்ட கிழங்கைவிட நீரில் வேகவைத்த கிழங்கு இரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றுகிறது. ஆகவே, அரைக் கிலோ கிழங்கைத் தோலோடு வேகவைத்துத் துண்டுகளாக்கி, 2 மேஜைக்கரண்டி தேங்காய்த் துருவலும் ஏலப் பொடியும் தூவிக் கொடுக்கிறேன். பெயரிலேயே சர்க்கரை இருப்பதால் நாம் தனியே சேர்க்க வேண்டியதில்லை. ஆளுக்குச் சுமார் 90 கலோரி.

நான்காவது, கோடைக்கு. வெயில் கொளுத்தும் மே, ஜூன் மாதங்களில் முலாம்பழம் மலிவு. முக்கால் கிலோ பழத்துண்டுகளைக் குளிரவைத்து, துணியில் கட்டி நீர் வடித்த தயிர் 200 கிராமை ஏலப் பொடியுடன் கடைந்து மேலே ஊற்றினால், ஸ்ரீகண்டின் சாயல் தோன்றும். சர்க்கரை ஒரு துளியும் இல்லை. ஆளுக்கு 80 கலோரி. சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் ஓர் எச்சரிக்கை: மக்கானா, கடலை, முழுத் திராட்சை ஆகியவை தொண்டையில் அடைத்துக்கொள்ளக் கூடும், அதிலும் படத்தில் லயித்துச் சிரிக்கும்போது அபாயம் அதிகம். அவர்களுக்குக் கிழங்கும் பழமுமே உகந்தவை.

செய்முறையினும் முக்கியமானவை நாங்கள் கைக்கொண்ட இரண்டு விதிகள். ஒன்று, வீட்டில் எல்லோருக்கும் ஒரே பண்டம், ஆளுக்கு ஒரு கிண்ணம். நடுவில் பொதுத் தட்டு கிடையாது, இரண்டாம் முறை நிரப்புவதும் கிடையாது. நோயாளிக்கென்று தனிப் பண்டம் செய்தால் அதுவே அவரை விலக்கி வைத்ததுபோல் ஆகிவிடும். மற்றொன்று, திரையில் ‘இடைவேளை’ என்ற எழுத்து தோன்றும்போது படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, அப்போதுதான் உண்பது. வீட்டில் எந்த மணியும் அடிப்பதில்லை என்றாலும் நம் படங்களில் அந்த எழுத்து இன்னமும் வருகிறதல்லவா? வெளிச்சத்தில், பேசிக்கொண்டே உண்ணும்போது ஒரு சிறு கிண்ணமே மனநிறைவைத் தந்துவிடுகிறது.

முதல் ஞாயிறன்று அத்தை கிண்ணத்தைக் கையில் வாங்கவே தயங்கினார்கள். “எனக்கு எதற்கம்மா? நீங்கள் சாப்பிடுங்கள்” என்றார்கள். வைத்தியர் சொன்னதை எடுத்துச் சொல்லி, எல்லோர் கிண்ணத்திலும் அதே பொரிதான் இருக்கிறது என்று பேத்தி காட்டிய பிறகே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். மென்றபடியே, மன்னார்குடியில் சரஸ்வதி பூஜைக்குப் பொரி வாங்க நடந்து போன கதையைத் தொடங்கினார்கள். இடைவேளை அரைமணி நேரம் நீண்டது. படத்தை மறுபடி ஓடவிடச் சொல்லிக் குழந்தைகள்கூடக் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து விரல் நுனியில் ஒரு துளி எடுத்துச் சோதித்ததில், அளவு வைத்தியர் வகுத்த எல்லைக்குள்ளேயே இருந்தது. எல்லை மீறிய வாரங்களும் பின்னர் வந்ததுண்டு. அந்த வாரங்களில் வீடு முழுவதற்கும் மோர்தான்.

ஜிலேபியை நாங்கள் அடியோடு துறந்துவிடவில்லை. தீபாவளியும் பொங்கலும் வந்தால் அதற்குரிய மரியாதையுடன் பலகாரம் வரும். வாரந்தோறும் வரும் தித்திப்புதான் எளிதாக இருக்க வேண்டும். கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் பூனாவிலும் உள்ள சகோதரிகள், அந்தந்த ஊர்ச் சரக்கைக் கொண்டு தாங்கள் செய்து பார்த்த எளிய தித்திப்புகளை நம் இதழுக்கு எழுதி அனுப்பினால் எல்லோருக்கும் பயன்படும். வீட்டில் முதியவர் எவரேனும் படம் முடியுமுன் எழுந்து போவாராயின், அவருக்கு உண்மையில் தூக்கம்தானா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.