கொதித்தது கார் மட்டுமல்ல!

அப்பாவின் 1972 மாடல் ஃபியட்டுக்கும் என் சகதர்மிணிக்கும் ஏழாம் பொருத்தம். போன மாதம் மதுராந்தகம் தாண்டுவதற்குள், முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கும்போது, டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டைத் திறந்தால் இட்லிக் கொப்பரை தோற்றது, போங்கள்! அவசரத்தில் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன்.

"டேய், மூஞ்சி வெந்துடும்!" - பின்சீட்டிலிருந்து அப்பா அலறினார். மூடி அழுத்தம் பிடித்து வைத்திருக்கும்வரை தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காதாம். திறந்த மாத்திரத்தில் குபுக்கென்று பொங்குமாம்.

முக்கால் மணி ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, நின்று நின்று போய்ச் சேர்ந்தோம். பந்தியில் பாயசம் மட்டும் பாக்கி.

"ஒண்ணு அந்த வண்டி வீட்ல இருக்கணும், இல்லே நான் இருக்கணும்!" என்றாள். மெக்கானிக்கோ, "ரேடியேட்டரையே மாத்திடலாம் சார்" என்றார். (அவர் வாயில் வேறு வார்த்தை வந்து நான் பார்த்ததில்லை.)

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினை ஓடவிட்டு, ஹோஸ்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் அப்பா. மேல் ஹோஸ் சுட்டது. கீழே ஜில்! "தண்ணி சுத்தலை. முதல்ல தெர்மோஸ்டாட்டைக் கழட்டு."

கழற்றி, அடுப்பில் பால் பாத்திரத்தில் போட்டோம். 82 டிகிரியில் திறக்க வேண்டிய வால்வு, தண்ணீர் தளதளவென்று கொதித்தும் வாயைத் திறக்கவில்லை. புதுசு வாங்கிப் போட்டேன். 'ஆ'வென்று திறந்தது.

நம்மூர் வெயிலுக்கு அதெல்லாம் எதற்கு என்று பிடுங்கி எறிபவர்கள் உண்டு. அப்பா ஒப்பவில்லை. இன்ஜின் சூடேறாமலே ஓடினால் பெட்ரோலைக் குடிக்குமாம், தேய்மானமும் கூடுமாம்.

இப்போது முள் சமர்த்தாக நடுவில் நிற்கிறது. வீட்டில்தான் இன்னும் சூடு இறங்கவில்லை. அது அவள் அம்மா கொடுத்த பால் பாத்திரமாம்.