கோலமும் கோடும்

கொல்கத்தாவில் தமிழ்நாட்டின் ஒரு துண்டைக் காண விரும்புவோர் லேக் மார்க்கெட்டுக்குப் போகவேண்டும். ராஷ்பிஹாரி அவென்யூவில் இறங்கிச் சில அடி நடந்தால் போதும். மல்லிகைச் சரமும் வாழையிலையும் முருங்கைக்காயும் காப்பிப்பொடி மணமும் நம்மை வரவேற்கும். விடியற்காலையில் போனால், அந்தப் பக்கத்துச் சந்துகளில் சில வாசல்களில் மாக்கோலமும் காணலாம். கோலத்துக்கும் ஆராய்ச்சி மாணவர்களாகிய நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இருக்கிறது, சொல்கிறேன்.

சென்ற ஆண்டு, வேதியியல் படிக்கும் நண்பர் ஒருவர் ஒரு கருத்தரங்குக்காகத் தம் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட விரும்பினார். லேக் மார்க்கெட் அருகில் உள்ள ஓர் அச்சுக்கடைக்கு இருவரும் போனோம். கணினித் திரையில் பட்டுநூல் போல் ஓடிய கோடு, தாளில் மாடிப்படிகளாக இறங்கியிருந்தது. பெரிய சிகரத்தின் தோளில் ஒட்டியிருந்த சிறு மேடு ஒன்றுதான் அவருடைய ஓராண்டு உழைப்பின் பயன். அது மேடா, அல்லது படிகளுள் ஒரு படியா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கடைக்காரரோ, "ஃபைலே இப்படித்தான் இருக்கிறது, தாதா" என்று வங்காளத்தில் சொல்லிக் கையை விரித்தார். அவர் மேல் குற்றமில்லை.

கணினி ஒரு வரைபடத்தை இரண்டு வழிகளில் சேமிக்கும். ஒன்று, புள்ளிகளின் கூட்டமாகச் சேமிப்பது. பைதான் மொழிக்கான மேட்பிளாட்லிப், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், 6.4 அங்குல அகலப் படத்தை அங்குலத்துக்கு 100 புள்ளி வீதம் எழுதிவைக்கும். ஆக, அகலம் முழுவதற்கும் 640 புள்ளிகளே. அதை 16 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 40 புள்ளிதான் மிஞ்சும். படி தோன்றாமல் என்ன செய்யும்? அதையே ஜேபெக் ஆக்கிவிட்டால் கோட்டைச் சுற்றி அழுக்கும் படியும். படத்தை 8-க்கு 8 கட்டங்களாக வெட்டிச் சுருக்கும் அம்முறை நிழற்படங்களுக்கு ஏற்றது. கூரிய கோடுகளுக்கு ஏற்றதன்று.

மற்றொரு வழி, வரையும் முறையையே எழுதிவைப்பது. 'இங்கே தொடங்கு, அங்கே போ, கோட்டின் தடிமன் இவ்வளவு' என்பதுதான் அந்தக் கோப்பில் இருக்கும். பிடிஎஃப், எஸ்விஜி ஆகியவை இதற்கு இடம் தருவன. தபால்தலை அளவானாலும் சரி, சுவர் அளவானாலும் சரி, அச்சு இயந்திரம் தன் முழுத் திறனோடு கோட்டைப் புதிதாக வரைந்துகொள்ளும்.

லேக் மார்க்கெட் வாசலில் கோலம் போடும் மாமி, அதைக் கும்பகோணத்திலிருந்து படமாக எடுத்து வரவில்லை. எத்தனை புள்ளி, எங்கே வளைவு என்னும் முறையை மனத்தில் கொண்டுவந்தார். அதனால்தான் சிறிய வாசலிலும் பெரிய முற்றத்திலும் கோடு ஒன்றுபோல் ஓடுகிறது. சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-இல், கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டி, கணினி வரைகலை ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையே வெளியிட்டார்கள்!

பிடிஎஃப் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. திரையைப் படம் பிடித்து அதற்குள் ஒட்டினால், உள்ளே இருப்பது பழைய புள்ளிக் கூட்டமே. திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். மேட்லாப் பயன்படுத்துவோர், 2020 முதல் உள்ள எக்ஸ்போர்ட்கிராஃபிக்ஸ் கட்டளையில் 'வெக்டர்' என்று குறிப்பிடவேண்டும். இலட்சக்கணக்கான புள்ளிகள் சிதறிய படமானால் கோப்பு பெருத்துவிடும். அப்போது புள்ளிகளை மட்டும் அங்குலத்துக்கு 600 வீதம் படமாக்கி, அச்சுகளையும் எழுத்துகளையும் கோடாகவே விடலாம்.

இவ்வளவும் கேட்ட நண்பர், "எதற்கு இந்தத் தொல்லை? கோட்டை வழவழப்பாக்க மென்பொருளில் ஒரு பொத்தான் இருக்கிறதே!" என்றார். அங்கேதான் நான் மறுத்தேன். சமன்பாட்டிலிருந்து வரைந்த வளைவு 20 இடங்களில் மட்டும் கணக்கிட்டதால் முறிந்து தெரிந்தால், 1000 இடங்களில் கணக்கிடலாம்; இடைப்பட்ட மதிப்புகளும் சமன்பாட்டிலேயே இருக்கின்றன. ஆனால் அளந்தெடுத்த தரவு அப்படியா? இரண்டு அளவீடுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. தெரிந்தாற்போல் வளைத்துக் காட்டுவது அழகாக இருக்கலாம், உண்மையாகாது. நடுக்கத்தை அழிக்கும் பொத்தான், அந்தச் சிறு மேட்டையும் சேர்த்தே கரைத்துவிடும்.

இதே நகரத்தில், பௌபஜார் தெருவில் 1928-இல் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டது என்ன? பாதரச விளக்கின் ஒளிமிகுந்த கோடுகளுக்குப் பக்கத்தில் மங்கலான சில புதுக் கோடுகள். மங்கலானவை என்று அவற்றைத் துடைத்தெறியவில்லை. அதனால் 1930-இல் இராமனுக்கு நோபல் பரிசு வந்தது.

நண்பர் தரவைத் தொடாமல், பிடிஎஃப் ஆக எடுத்து மீண்டும் அச்சிட்டார். மேடும் தெளிவாகத் தெரிந்தது. அளவீட்டின் நடுக்கமும் ஒளியாமல் தெரிந்தது. கருத்தரங்கில் ஒரு பேராசிரியர் இரண்டையும் உற்றுப் பார்த்து, "மறுபடி அளந்து பாருங்கள்" என்றார். நண்பர் இப்போது அளந்துகொண்டிருக்கிறார். மேடு நிலைக்குமோ நிலைக்காதோ, அந்தக் கேள்வி எழுந்ததே நல்ல கோட்டின் பயன் அல்லவா?

இவ்வாண்டு ஆய்வேடு எழுதும் நண்பர்களே, கோட்டைத் துலக்குங்கள், தரவைத் துலக்காதீர்கள்.