மீட்டர் ஆறுதான் காட்டுது

“ஐயா, மீட்டர் ஆறுதான் காட்டுது. பிறகு ஏன் குருத்து மஞ்சளாகுது?”

பசறைப் பக்கத் தோட்டமொன்றில், லயத்துக்குப் பின்னால் பொலித்தீன் கூடாரம் போட்டு மண்ணில்லாமல் சலாது வளர்க்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. நரம்பு பச்சையாக நிற்க இளம் இலை மட்டும் வெளுத்தால், பெரும்பாலும் அது இரும்புக் குறைபாடு. அவர் கரைக்கும் அல்பேட் பசளையில் இரும்பு இருக்கிறது. ஆனால் கரைசலின் பிஎச் ஏழைத் தொட்டால் அது வேருக்குச் சரியாகக் கிட்டாது. 5.5க்கும் 6.5க்கும் இடையில் நிற்க வேண்டும். இலை ஒன்று சொல்கிறது, மீட்டர் வேறொன்று சொல்கிறது. நான் இலையின் பக்கம்.

பேனா மாதிரியான அந்த மீட்டரை பிஎச் 7 தாங்கற் கரைசலில் வைத்தோம். 6.1ஐத் தாண்டவில்லை. மூடியைப் பார்த்தால் உள்ளே ஈரமே இல்லை. நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழின் மேற்பரப்பு ஈரத்தில் ஊறியிருந்தால்தான் வேலை செய்யும். அதை பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் வைக்க வேண்டும். சுத்தம் என்று நினைத்துக் காய்ச்சி வடித்த நீரில் வைப்பவர்களும் உண்டு. அது குமிழையும் உள்ளேயுள்ள உப்பையும் கெடுக்கும்.

ஓர் இரவு ஊறவைத்து 7க்குத் திருத்தினோம். அதோடு வேலை முடிந்தது என்றுதான் பலரும் எழுந்துவிடுகிறார்கள். 4 கரைசலிலும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 4.4 என்றது. கண்ணாடிக்கு வயதாகிவிட்டால் 7இல் சரியாகவும் அதற்குக் கீழே கூட்டியும் காட்டும். அதை நம்பி அமிலத்தை ஊற்றினால் கரைசல் தேவைக்கு மேல் இறங்கிவிடும். நம் வேலை நடப்பது 4க்கும் 7க்கும் நடுவில். ஆகவே இரண்டு இடத்திலும் திருத்தாத மீட்டர் எனக்கு மீட்டரே அல்ல.

தோட்டத்து ஆட்களுக்கு அமிலம் புதிதல்ல. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பிடிக்கும். மண் அதற்கும் கீழே போனால் டொலமைட் போடுவார்கள். ஆனால் மண் மெதுவாகத்தான் மாறும், பிழையைப் பொறுத்துக்கொள்ளும். தொட்டித் தண்ணீர் பொறுக்காது. ஓர் அலகு வித்தியாசம் என்றால் அமிலத்தன்மையில் பத்து மடங்கு. மலை ஊற்று நீரில் உப்பு குறைவு, கொஞ்சம் அமிலம் விட்டாலே எண் சடாரென்று விழும். மொனராகலைப் பக்கம் கேத்தலில் வெள்ளைப் படிவு கட்டும் கிணற்று நீர் நேர்மாறு: இறக்கிவிட்டாலும் பைகார்பனேற்று மறுபடி மேலே தள்ளும். அங்கே மீட்டருக்கு ஓய்வே இல்லை.

பிஎச் அளவுகோலை 1909இல் சோரன்சன் வகுத்தது கோப்பன்ஹேகனில் ஒரு பியர்க் கம்பெனியின் ஆய்வுகூடத்தில். 1934இல் பெக்மன் தன் மீட்டரைச் செய்தது கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க. ஆகக் கருவி தொடக்கத்திலிருந்தே நம்மைப்போன்ற தோட்டக்காரர் பக்கம்தான்.

திருத்தப் பயன்படுத்திய கரைசலைத் திரும்பப் போத்தலில் ஊற்றாதீர்கள். குமிழைத் துடைக்காமல் ஒற்றியெடுங்கள். கையில் பணம் குறைவென்றால் விலைகூடிய மீட்டரை விட்டுவிட்டு, சாதாரண மீட்டர் ஒன்றும் புதிதாகத் திறந்த 4, 7 கரைசல்களும் வாங்குங்கள்.