ரெண்டே ரெண்டு பைட்

லினக்ஸ் நெட்வொர்க் டிரைவர் கோடைப் படிச்சா ஒரு விஷயம் கண்ணுல படும். பாக்கெட் வந்து விழற பஃபர்ல முதல் 2 பைட்டை சும்மா காலியா விட்டிருப்பாங்க. அதுக்கு 'நெட்_ஐபி_அலைன்'னு பேர் வேற. எதுக்குய்யா இது?

கணக்கு சிம்பிள்தான் மக்கா. ஈதர்நெட் ஹெட்டர் 14 பைட். அதுக்கப்புறம் ஐபி ஹெட்டர். அதுல 12 பைட் தள்ளி, அனுப்பினவரோட ஐபி முகவரி. ஆக மொத்தம் 26. நாலால வகுபடாது! 4 பைட் எண்ணை நாலால வகுபடற இடத்துலேர்ந்துதான் எடுப்பேன்னு அடம்பிடிக்கற சிப்புகள் உண்டு. முன்னாடி 2 பைட் விட்டா 28. தீர்ந்தது பிரச்சினை. நடுவுல வீலான் டேக் வந்தாலும் அது 4 பைட்டுங்கறதால கணக்கு கெடாது.

சரி, விடலைன்னா என்ன ஆகும்? அது சிப்போட குணத்தைப் பொறுத்தது.

எக்ஸ்86 ரொம்ப சாது. எங்கேர்ந்து கேட்டாலும் எடுத்துக் கொடுத்துடும். அதனால லினக்ஸ்ல அதுக்கு அந்த 2, பூஜ்யம் ஆயிடுச்சு. ஸ்பார்க் கோவக்காரன். அந்த இடத்துலயே டிராப் அடிச்சு நிறுத்திடுவான். பழைய ஆர்ம் (வி5 வரைக்கும்) இருக்கே, அதுதான் கில்லாடி. அலைன்மென்ட் சோதனையை ஆன் பண்ணலைன்னா சத்தமே போடாது. 24-ல இருக்கற 4 பைட்டை எடுத்து, பாதியைச் சுத்தி விட்டுக் கொடுக்கும். 192.168.1.5-ல முதல் பாதி 192.168 சரியா வரும். மீதி ரெண்டு எண் ஐபி ஹெட்டரோட செக்சம்! பார்க்க நிஜ முகவரி மாதிரியே இருக்கும். ஃபயர்வால் தப்பான ஆளைத் தடுத்துட்டு உக்காந்திருக்கும்.

என்னைக் கேட்டா இந்த மூணு பேர்ல கோவக்காரன்தான் நல்லவன். சாது நம்ம தப்பை மூடி மறைக்கறான், கில்லாடி பொய் சொல்றான். ஓபன்பிஎஸ்டிகாரங்க விதவிதமான சிப்புல ஓட்டிப் பார்க்கறதும் இதுக்காகத்தான். ஒண்ணுல ஒளிஞ்சிருக்கற பிழை இன்னொண்ணுல வெளிய வந்துடும்.

நம்ம மேஜையில இருக்கறது பெரும்பாலும் சாதுதான். அதனால பாக்கெட்டுக்குள்ள பாயின்டரை காஸ்ட் பண்ணி நேரா எண்ணைப் படிக்கறதுக்கு முன்னாடி, மெம்காப்பி போட்டு எடுத்துடுங்க. "என் மிஷின்ல ஓடுதே"ங்கறது நல்ல கோடுக்கு சாட்சி இல்லை, அந்த மிஷினோட பெருந்தன்மைக்குத்தான் சாட்சி.