தோல் நகரப் பிள்ளைகளுக்கு ஒரு காட்டுயிர்ப் பாடம்

அருகிவரும் விலங்குகளைக் காப்பது பற்றிச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும்போது, புலி, யானை ஆகியவற்றின் படங்களைக் காட்டி அவற்றிடம் அன்பு கொள்ளச் சொல்வதோடு பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டித் தோல் தொழிலால் வாழும் ஊர்களின் பிள்ளைகளுக்கோ, பிழைப்பிலிருந்து தொடங்கும் பாடமே நன்கு விளங்கும். உப்பிட்ட பச்சைத்தோல் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, மயிர் நீங்கி, பதனிடப்பட்டுக் காலணியாவதையும், அந்த வேலையின் கூலியில் வீட்டில் உலை கொதிப்பதையும் அவர்கள் கேட்டும் கண்டும் வளர்கிறார்கள்.

இங்கே பதனிடப்படும் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் மனிதர் வளர்த்துப் பெருக்கும் விலங்குகளுடையவை. பாம்பு, உடும்பு போன்ற காட்டுயிர்களை நம் நாட்டில் அவ்வாறு பெருக்குவோர் இல்லாததால், தோலுக்காகப் பிடிக்கப் பிடிக்க அவற்றின் இனம் குன்றுகிறது. சாரை, மலைப்பாம்பு ஆகியவற்றின் தோல்கள் ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாயின; செங்கல்பட்டு வட்டாரத்து இருளர் பழங்குடியினர் பலர் பாம்பு பிடித்துத் தோல் வணிகர்களிடம் விற்றே பிழைத்தனர். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் பாம்புகளுக்குக் காப்பாக அமைந்தபோது, இருளரின் வருவாய்க்கு வழி அடைபட்டது.

அந்த வழியை மீண்டும் திறக்க 1978-இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதியோடு பிடித்து, வாய் துணியால் கட்டப்பட்ட மண்பானைகளில் சில வாரம் வைத்து, கண்ணாடிக் குவளையின் மேலுறையைக் கடிக்கச் செய்து நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கான முறிமருந்து தயாராகிறது. பாம்பு பிடிக்கும் இத்திறனுக்காக வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர் இருவர்க்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வேலூரை அடுத்த அமிர்தி வன உயிரினப் பூங்காவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர் இந்த வரலாற்றையும் சொல்ல வேண்டும். சட்டம் கொலையைத் தடுக்கிறது. அச்சட்டம் நிலைக்க, அதனால் பிழைப்பிழந்தவருக்கு வேறு பிழைப்பு கிடைக்க வேண்டும். தோல் தொழிலாளரின் பிள்ளைகள் இதை எவரையும்விட நன்றாக உணர்வார்கள். நாளை எந்தத் தோலை வாங்குவது, எதை மறுப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் அவர்களே இருக்கக்கூடும் என்பதால், இப்பாடத்தை முதலில் பெற வேண்டியவர்களும் அவர்களே.