உடைவாளும் உள்ளுறையும்

ஹைதராபாத்தின் பத்தர்கட்டியில் முத்து வணிகம் செய்யும் பெரியவர் ஒருவர் இரவில் கடையடைத்து வீடு திரும்புகையில் கான்பூரில் செய்த .32 ரிவால்வரை உடன் கொண்டுசெல்வார். உரிமம் உண்டு. எனினும் அதை எப்படி அணிவது என்ற கேள்வி அவரை நெடுநாள் அலைக்கழித்தது.

அவர் கடைக்கு அருகிலேயே சாலார் ஜங் அருங்காட்சியகம். அங்குள்ள குறுவாள்கள் பலவும் பிறர் காணவென்றே அழகுசெய்யப்பட்டவை. நிஜாமின் படையில் பணியாற்றிய ஹத்ரமவுத் அரபியர், வளைந்த ஜம்பியாவை வயிற்றின் நடுவே கச்சையில் செருகியிருந்தனர். அவர்கள் வழித்தோன்றல்கள் இன்றும் பார்க்கஸில் வாழ்கின்றனர். அன்று ஆயுதம் காட்சிப்பொருள். இன்று நிலை நேர்மாறு. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடலோடு இணைந்த உறையில், முழுவதும் மறைந்து, வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்.

முதலில் அவர் வாங்கியது இடைவாருக்கு வெளியே தொங்கும் தோலுறை. குனிந்தால் சட்டைக்கு மேல் அதன் வடிவம் புடைத்தது. அடுத்து, கால்சட்டைக்குள் செருகும் துணியுறை. மென்மையானதுதான், ஆனால் துப்பாக்கியை எடுத்ததும் அதன் வாய் சுருங்கிவிடும். திரும்பச் செருக இரு கைகளும் வேண்டும். விசைக்கு மேலும் மெல்லிய துணி மட்டுமே காவல். முன்வயிற்றில் அணிந்தால் காரில் அமரும்போது குத்தியது. மே மாத வெயிலில் வியர்வை ஊறித் தோல் கன்றியது.

இறுதியில் பொருந்தியது, விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறை. உடலைத் தொடும் பக்கத்தில் மட்டும் மெத்தென்ற தோல். வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னே அணிந்தார். முக்கால் கிலோவை நெருங்கும் எடையைத் தாங்கத் தடித்த இடைவார். உறைக்கும் இடம் தர ஈரங்குலம் அகன்ற கால்சட்டை. ஒரு வாரத்தில் அவர் கை இடுப்பைத் தடவிப் பார்ப்பதை நிறுத்தியது. கை அடிக்கடி போகுமிடத்தைத்தான் பிறர் கண்ணும் தேடும் என்பதால், அதுவே நல்ல உறையின் அடையாளம் என்று மகிழ்ந்தார்.

ஒருநாள் இரவு உணவுக்கு அமர்ந்தபோது ஐந்து வயதுப் பேத்தி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "தாத்தா, இங்கே என்ன கல்லு மாதிரி இருக்கு?"

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. துப்பாக்கி இடுப்பில் இருப்பதையே அவர் மறந்திருந்தார். குழந்தையின் விரல்களை மெல்ல விலக்கி எழுந்து உள்ளறைக்குச் சென்றார். தோட்டாக்களை நீக்கும்போது கை நடுங்கியது. முன்னைய உறைகள் ஒவ்வோர் அடியிலும் உறுத்தி, தாம் சுமப்பது என்ன என்பதை நினைவூட்டியிருந்தன. இந்த உறை அந்த உறுத்தலையும் சேர்த்து நீக்கிவிட்டது. மறைத்தாயிற்று, கட்டுப்பாடு என்று விதி கேட்ட மற்றொன்றை அவர் கைவிட்டிருந்தார்.

உறையை அவர் மாற்றவில்லை. இரும்புப் பெட்டகத்தை வாசலை ஒட்டிய அறைக்கு மாற்றினார். இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றும் முன்பே அதைத் திறக்கிறார். பேத்தி அதன் பிறகே தாத்தாவிடம் ஓடிவருகிறாள்.